மூலை அலமாரியில் நான்கு பிளக்குகளும் நானும்

மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் சுவிட்சைத் தட்டுகிறார்கள், விளக்கு எரிகிறது, அவர்கள் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு சீட்டியடித்தபடி வேலை செய்கிறார்கள். இந்த இரண்டு சாராருக்கும் நடுவே என்னைப் போல ஒரு கூட்டம் உண்டு. இருபத்திரண்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் ஃபியூஸ் போனால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். மின்சாரம் ஒரு மனிதனை எத்தனை வழிகளில் கொல்லும் என்பது பாடப்புத்தகம் வழியாக எனக்கு அத்துபடி. கொல்லாமலும் இருக்கும் என்பதை எந்தப் பாடமும் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை.

இந்த அறிவையும் பயத்தையும் சம அளவில் கலந்து நானே வடிவமைத்த ஒரு சமையலறையில், இரண்டாயிரத்துப் பதினைந்து ஐப்பசியில் ஒரு மத்தியானம் எனக்கு நடந்ததை எழுதலாம் என்று மகள் அனுமதி கொடுத்திருக்கிறாள். கால் ஆட்டியதை விடாமல் எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் அந்தச் சமையலறை வந்த கதை. என் மகள் ஷைனி இன்ஜினியரிங் முடித்தாள். முடித்த கையோடு, கேக் செய்து விற்கப் போவதாகச் சொன்னாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. (மூன்றாம் நாள் அவள் செய்த பிளம் கேக்கைச் சாப்பிட்டேன். அது வேறு விஷயம்.) கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். கிறிஸ்துமஸுக்குள் இந்தத் தொழிலில் ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஜனவரியில் நாகர்கோவிலில் வங்கித் தேர்வு வகுப்பில் சேர வேண்டும். அந்த வகுப்புக்கான விண்ணப்பத்தை நானே வாங்கி, நானே பூர்த்தி செய்து, அவள் கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நிலையில் பீரோவில் வைத்திருந்தேன்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் நடுநிலை வகிப்பதாகச் சொல்லிக்கொண்டே மகள் பக்கம் சாய்ந்தார். இரணியல் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையை இடித்து, மாடுலர் கிச்சன் போடச் சொன்னார். அலமாரியோடு அலமாரியாகப் பதிக்கிற பெரிய ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின், சிம்னி, ஃபிரிட்ஜ் என்று எல்லாம் வரிசையாக வந்து இறங்கின. வயரிங் வேலைக்குக் குழித்துறையில் இருந்து சுவாமிதாஸ் வந்தார். பன்னிரண்டு வருடம் துபாயில் இதே வேலை செய்தவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், பேச்சில் நிதானம் உள்ளவர். அந்த நிதானத்தை நான் எப்படிச் சோதித்தேன் என்பதுதான் அடுத்த பகுதி.

"டீச்சரே, இதில ஒரு முறை உண்டு," என்றார் முதல் நாளே. "ஓவனுக்க சாக்கெட்ட ஓவனுக்குப் பொறத்தால வைக்கப்பிடாது. பக்கத்து அலமாரிக்குள்ள வைக்கணும். ஆனா அதுக்க சுவிட்சு மேடைக்கு மேல, கை எட்டுத எடத்தில இருக்கணும். ஒண்ணொண்ணுக்கும் பேரு எழுதி ஒட்டணும். ஏதாம் ஒண்ணுன்னா உள்ள நுழைஞ்சு பிளக்கைத் தேடாண்டாம், வெளிய நின்னுகிட்டே அந்த ஒண்ண மட்டும் தட்டிவிட்டுரலாம். ரெண்டு கம்பியையும் சேர்த்து வெட்டுத சுவிட்சாக்கும். ஐசொலேட்டர்னு சொல்லுவாவ."

"இடி வெட்டும்போது?" என்றேன்.

"அந்த சுவிட்ச அணைச்சாப் போரும்."

"தாஸ், அந்த சுவிட்சுக்குள்ள ரெண்டு முனைக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி இருக்கும்?"

"ஒரு மூணு மில்லி இருக்கும் டீச்சர்."

"வானத்தில இருந்து ரெண்டு கிலோமீட்டர் தாண்டி வாற மின்னலுக்கு மூணு மில்லிமீட்டர் தாண்டத் தெரியாதா?"

சுவாமிதாஸ் கூரையைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. (அங்கே இடி இடிப்பதே அபூர்வம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.)

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு என் பயத்தை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் மலைப்பக்கம் லேசாக ஒரு உறுமல் கேட்டால் போதும். கீரிப்பாறையில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்குகிற வேலை நடக்கும். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு ஊருவது என்று பெயர். சுவிட்சை அணைப்பது கணக்கில் வராது, ஊர வேண்டும். ஊரிய பிளக் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு சீராகும். ஆகவே, ஓவன் உட்பட எல்லாப் பிளக்குகளும் கையால் ஊரக்கூடிய ஒரே இடத்தில் வரவேண்டும் என்று உத்தரவிட்டேன்.

அப்படி ஒரே ஒரு இடம்தான் இருந்தது. எங்கள் சமையல் மேடை ட வடிவில் திரும்பும் மூலை. அந்த மூலைக்கு அடியில் ஓர் அலமாரி. அதன் கதவு ஒன்றேகால் அடி அகலம். உள்ளே போனால் குகை மாதிரி இடதுபக்கம் திரும்பி, பக்கத்து அலமாரியின் முதுகுக்குப் பின்னால் வரை நீளும். அந்தக் குகையின் கடைசிச் சுவரில் நான்கு சாக்கெட்டுகள்.

அத்தோடு விட்டேனா. மாலையில் டியூஷனுக்குப் பிள்ளைகள் வருவார்கள், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போவார்கள், மேடைக்கு மேலே சுவிட்ச் இருந்தால் தட்டிப் பார்ப்பார்கள், ஈரக் கையாக இருக்கும் என்று என் மனதில் ஒரு படம் ஓடியது. ஆகவே சுவிட்சுகளும் அந்த அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும், கதவுக்கு ஒரு பூட்டும் போடுங்கள் என்றேன்.

சுவாமிதாஸ் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"டீச்சரே, ஒண்ணு சொன்னா கோவப்படாதுங்க. ஐசொலேட்டர அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டுகதும், ஆம்புலன்ஸ கெணத்துக்குள்ள நிறுத்தி வைக்கதும் ஒண்ணுதான், கேட்டியளா."

"பாதுகாப்புதான் தாஸ் முக்கியம்," என்றேன்.

"அதத்தான் நானும் சொல்லுகேன்," என்றார். ஆனாலும் நான் டீச்சர். அவர் செய்து கொடுத்துவிட்டார். பெயர் எழுதி ஒட்டட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றேன். இடமிருந்து வலமாக ஃபிரிட்ஜ், பாத்திர மெஷின், சிம்னி, ஓவன். இதைக்கூட நினைவில் வைக்க முடியாதவள் என்ன ஆசிரியை?

ஐப்பசி வந்தது. ஷைனிக்கு முதல் பெரிய ஆர்டரும் வந்தது. எங்கள் கோயில் மாதர் சங்கச் செயலாளர் ரோஸ்லினின் மகளுக்கு நிச்சயம். அதற்கு மூன்றடுக்குக் கேக். ரோஸ்லின் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலைச் சேர்ந்த பாதி வீடுகளின் கேக் எங்கள் வீட்டு ஓவனில்தான். நன்றாக இல்லை என்று சொன்னாலும் அதே வேகத்தில் அதே வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேரும். பீரோவில் இருந்த விண்ணப்பம் எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தக் கேக்கின் கையில் இருந்தது. ஷைனிக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மேல் இரண்டு அடுக்கும் வெந்து ஆறிக்கொண்டிருந்தன. அடியில் வரும் பெரிய அடுக்கை இரண்டரை மணிக்கு ஓவனுக்குள் வைத்துவிட்டு, கேக் பெட்டி வாங்க ஷைனி தக்கலைக்குப் புறப்பட்டாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"எம்மா, பெல்லு அடிச்சா ஓவன அணை. கதவத் தொறக்காத, நான் வந்து எடுக்கேன். அதுக்கு நடுவில ஒண்ணையும் தொடப்பிடாது."

"இடி வெட்டினா?"

"வெட்டினாலும்."

"கரண்டு போனா?"

"போனாப் போட்டும், அது கடவுள் செயல். நீ ஊராம இருந்தாப் போரும். நடுவில சூடு போச்சுன்னா கேக்கு உக்காந்திரும். சத்தியம் பண்ணு."

"சத்தியம் மக்களே," என்றேன். (ஒற்றைப் பிள்ளையைக் கூப்பிட்டாலும் எங்கள் ஊரில் மக்களேதான்.) ஸ்கூட்டர் முக்கு திரும்பவும் வேளிமலைப் பக்கம் கறுத்துவிட்டது.

வழக்கமாக எங்கள் ஊரில் முதல் இடிக்கே மின்சாரம் போய்விடும். மின்வாரியத்தை அதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மூன்று இடி கழிந்தும் போகவில்லை. ஓவன் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. நான் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். ஓவனைத் தொட மாட்டேன், சரி. ஃபிரிட்ஜைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லையே. மெஷின், சிம்னி பற்றியும் இல்லை. நான்கில் மூன்றை ஊரினால் எழுபத்தைந்து சதவீதப் பாதுகாப்பு. (கணக்கும் என் துணைப்பாடம்.)

சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். வயரிங் முடிந்த நாளில் அது காலியாக இருந்தது. அதன் பிறகு இட்லிக் கொப்பரை, உருளி, முறுக்கு அச்சு, கல்யாணத்தில் வந்த ஆறு டிபன் கேரியர் எல்லாம் அதில் குடியேறியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. எடை என்ன என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத தகவல். வலது கையை முன்னே நீட்டி, இடது கையை வயிற்றோடு ஒட்டி, ஒருக்களித்து உள்ளே போனேன்.

முதல் பிளக் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதுக்கு இன்னும் ஒரு முழம் உள்ளே நகர வேண்டியிருந்தது. அதுவும் வந்தது. நான்காவது பிளக் என் விரல் நுனிக்கு அரை சாண் தூரத்தில் இருந்தது.

இங்கே நான் சொல்லப்போவதை என் குடும்பத்தில் யாரும் நம்புவதில்லை. நான் அதைத் தொட மட்டும்தான் செய்தேன். சூடாகியிருக்கிறதா என்று பார்க்க. அந்த நொடியில் வீட்டுக் கூரைக்கு மேலேயே வெட்டியது போல ஓர் இடி விழுந்தது. கை தானாக இழுத்துக்கொண்டது. பிளக்கும் கையோடு கொஞ்சம் வந்தது.

பதறிப் பின்வாங்கப் பார்த்தேன். வாங்க முடியவில்லை. இடுப்பு, அலமாரிக்குள் தடுப்பாக நின்ற நடுப்பலகையில் முட்டியது. நைட்டியின் ஒரு மூலை கதவின் கீலில் மாட்டியிருந்தது. இடது கை எனக்கு அடியிலேயே சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் மட்டும் அலமாரிக்கு வெளியே, உருளிக்கும் டிபன் கேரியருக்கும் நடுவில் கிடந்தன. அவற்றை உதைத்து உதைத்துப் பார்த்தேன்.

சரியாக அந்த நேரத்தில்தான், கேக்கில் எழுத வேண்டிய பெயர்களைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று குடையோடு ரோஸ்லின் வந்தாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. "டீச்சரே," என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் சமையலறை வாசலில் கண்டது, சிதறிக் கிடந்த பாத்திரங்களையும், நடுவில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த இரண்டு கால்களையும்.

"டீச்சரே, என்ன செய்யுது?"

பல்லில் டார்ச்சோடு, "ஒன்றுமில்லை, மாட்டிக்கொண்டேன்," என்று சொன்னேன். வெளியே கேட்டது "ம்ம்ம்ம்ம்ம்" என்ற ஒரு நடுக்கம். அவள் இன்றும் அதைச் செய்து காட்டுவாள். கேட்கப் பரிதாபமாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு முன்கதை வேண்டும். மூன்று மாதம் முன்பு அதே மாதர் சங்கத்தில் மின் விபத்தும் முதலுதவியும் என்று ஒரு மணி நேரம் பேசியவள் நான்தான். எல்லோரும் காப்பி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எடுத்தவள் ரோஸ்லின் ஒருத்திதான்.

இப்போது, பரீட்சையில் மனப்பாடப் பகுதி எழுதும் பிள்ளை முணுமுணுப்பது போல அவள் குரல் கேட்டது.

"ஒண்ணு, ஆளத் தொடப்பிடாது. ரெண்டு, மெயின அணைக்கணும்."

செருப்புச் சத்தம் வராந்தாவுக்கு ஓடியது. டப் என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. ஓவனின் இரைச்சலும் நின்றது. (அது அதற்கு முன்பே நின்றிருந்ததா என்பது வழக்கில் இருக்கிறது.) செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"மூணு, காஞ்ச பலகையில ஏறி நிக்கணும். நாலு, காஞ்ச கம்பு."

ஷைனியின் காய் நறுக்கும் பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். ஷைனியின் நீளப் பூரிக்கட்டையைக் கையில் எடுத்தாள். என் கெண்டைக்கால் மேல் முதல் அடி விழுந்தது.

கம்பால் ஆளைத் தள்ளிவிட வேண்டும் என்றுதான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அடிக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ரோஸ்லின் நோட்டில் 'விலகும்வரை விடக்கூடாது' என்று இருக்கிறதாம். இரண்டாவது அடியில் நான் இன்னும் வேகமாக உதைத்தேன். இழுப்பு கூடிவிட்டது என்று மூன்றாவது பலமாக விழுந்தது. டார்ச் வாயில் இருந்து தெறித்தது. சுதந்திரமடைந்த என் வாய் முதலில் சொன்னது, "சவமே, அடிக்காத."

மறுநாள் மகளுக்கு நிச்சயம் வைத்திருக்கிற, சங்கச் செயலாளரான, என் மகளின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கிற ஒரு பெண்மணியை நான் அப்படித்தான் அழைத்தேன்.

"ஏசுவே, உயிரு இருக்கு," என்றாள் அவள், நிம்மதியாக.

"ரோஸ்லின், எனக்கு ஷாக் ஒண்ணும் அடிக்கல்ல. மாட்டிக்கிட்டேன். நீங்க போய் மெயினப் போடுங்க."

"அதெப்படி டீச்சர். ஆளு முழுசா வெளிய வாறதுக்கு முன்ன மெயினப் போடப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய."

"நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்லுகேன், போடுங்க."

"ஷாக்கடிச்ச ஆளு தலை கறங்கி என்னமாம் பேசும், அதக் கேக்கப்பிடாதுன்னும் சொன்னிய."

அதையும் சொல்லியிருக்கிறேன் போல. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த சுவாமிதாஸின் நம்பரைப் பார்த்து அவள் ஃபோன் செய்தாள். "டீச்சருக்கத் தலை எங்கன்னு தெரியல்ல, கால் மட்டும் வெளிய இருக்கு, வாரும்," என்று அவள் சொன்னது உள்ளே எனக்குத் தெளிவாகக் கேட்டது. நல்லவேளை, அவர் தக்கலையில் ஒரு வீட்டில் வேலையில் இருந்தார்.

பிறகு ரோஸ்லின் என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். எனக்குத் துணையாம். மாப்பிள்ளை வீட்டார் குழித்துறைக்காரர்கள், மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை, நிச்சயத்துக்கு எத்தனை வண்டியில் வருவார்கள் என்பதே தெரியவில்லை, ராத்திரி தூக்கமே இல்லை டீச்சர் என்றெல்லாம் என் பாதங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரோஸ்லின், ஓவனுக்குள்ள ஒரு கேக்கு இருக்கு."

"இருக்கட்டும் டீச்சர், உயிரா பெரிசு, கேக்கா பெரிசு."

"அது உங்களுக்கக் கேக்கு."

அவள் குரல் அலமாரிக் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"நாளைக்கு உள்ளதா?"

"நாளைக்கு உள்ளதுதான்."

அவள் எழுந்த சத்தம் கேட்டது. மெயின் பெட்டி வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

"போடுங்க ரோஸ்லின். எனக்கு ஒண்ணும் ஆவாது. ஆனாலும் பரவாயில்ல."

"அதுக்கில்ல டீச்சர்," என்றாள் தயங்கி. "நாளைக்கு நிச்சயத்த வச்சுகிட்டு, இன்னைக்கு கேக்கு செய்யுத வீட்டில ஒரு சாவுன்னா மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாவ?"



சுவாமிதாஸ் மழைக்கோட்டோடு வந்தார். குனிந்து டார்ச் அடித்தார். "டீச்சரே, சுகந்தானா?" என்றார். அந்த ஆம்புலன்சையும் கிணற்றையும் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதவைக் கீலோடு கழற்றினார், நடுப்பலகையின் ஸ்க்ரூவில் கை வைத்தார். அப்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். தலையில் பாலித்தீன் உறையும் கையில் கேக் பெட்டியுமாக ஷைனி நனைந்து வந்து நின்றாள்.

நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் நின்றது எனக்குத் தெரிந்தது. சுவாமிதாஸுக்குத் தெரியவில்லை. அவர் டார்ச்சை உள்ளே நீட்டி, டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வது போல உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு பிளக்கு ஊரியாச்சு. நாலாவது பாதியில நிக்கி."

ஷைனி பெட்டியைக் கீழே வைத்தாள். என் காலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எம்மா. நாலாவது ஏதாக்கும்?"

இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"எம்மா."

"ஓவன்," என்றேன்.

"நீ சத்தியம் பண்ணினியே."

"பாதிதான் மக்களே ஊரினேன்."

நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் நான் எனக்காக வாதாடியதில் அதுதான் சிறந்த வாதம். முதலில் சிரித்தது ரோஸ்லின். சுவாமிதாஸ் சிரிக்கவில்லை, தொழில்காரர். "பாதி ஊருகதுதான் டீச்சர் டேஞ்சர். முழுசா ஊரினாலும் நல்லதுதான், தொடாம விட்டாலும் கொள்ளாம். பாதியில நின்னா உள்ள பொறி பறந்து உருகிரும்," என்றார். பிளஸ் டூ இரண்டாம் பாடத்தில் நான் வருடாவருடம் நடத்துவதும் இதுவேதான்.

பலகை கழன்றது. நைட்டியின் ஒரு பகுதியை அலமாரிக்கே கொடுத்துவிட்டு நான் பின்னோக்கிப் பிறந்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் ஷைனி ஓவன் கதவைத் திறந்தாள்.

கேக் நடுவில் குழிந்து, கோடையில் வற்றிய குளம் மாதிரி கிடந்தது. அவள் விரலால் நடுவே தொட்டுப் பார்த்தாள். மாவு ஒட்டியது. ஷைனி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கெண்டைக்காலைப் பார்த்தாள். பூரிக்கட்டையின் தடம் மூன்று வரியாகச் சிவந்திருந்தது. "வலிக்கா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் துணிவும் இல்லை. இடிக்குப் பயந்து நான் காப்பாற்றப் பார்த்த ஓவன் பத்திரமாக இருந்தது. அதற்குள் இருந்ததுதான் போய்விட்டது.

எல்லோரும் ரோஸ்லினைப் பார்த்தோம். அவள் குனிந்து அந்தக் குழியை நன்றாகப் பார்த்தாள்.

"மறுபடி போட நேரம் இருக்கா மக்களே?"

"இருக்கு ஆன்டி," என்றாள் ஷைனி. "முட்டையும் இருக்கு. ஒண்ணரை மணி நேரம் விடாம கரண்டு வேணும், அவ்வளவுதான்."

"அப்பப் போடு. நான் இங்கனயே இருக்கேன்."

"நீங்க எதுக்கு ஆன்டி மெனக்கெட்டு?"

"உங்க அம்மையப் பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்லா."

சுவாமிதாஸ் நான்காவது பிளக்கை முழுதாக உள்ளே தள்ளி, நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மெயினைப் போட்டார். ரோஸ்லின் ஒரு நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். பூரிக்கட்டை அவள் மடியில் இருந்தது. நான் ஹாலில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் பிட் அடித்துப் பிடிபட்டவளைப் போல உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை இடித்தது. இரண்டு முறையும் நான் பாதி எழுந்தேன், ரோஸ்லின் பூரிக்கட்டையைப் பாதி தூக்கினாள், இருவரும் உட்கார்ந்தோம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் ஷைனியைப் பார்த்தேன். மாவை கிராம் பிசகாமல் நிறுத்தாள். நிறுத்ததை மூன்று முறை சலித்தாள். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே சேர்த்தாள். வெப்பநிலையை ஒரு நோட்டில் குறித்தாள். என் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத ஒழுங்கு அது. என் வீட்டுச் சமையலறையிலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் கேக் செய்யும்போதெல்லாம் நான் அவளைப் பார்க்காமல் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் நிச்சயத்தில் கேக் நிமிர்ந்து நின்றது. ஆனால் பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான். ரோஸ்லின் இரண்டு வீட்டாருக்கும் நடித்துக் காட்டினாள். எனக்குக் கொஞ்சமும் அறிமுகமில்லாத மாப்பிள்ளையின் அப்பா நேராக என்னிடம் வந்து, "டீச்சர், கால் இப்பம் எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குள் எட்டி, "இந்த அலமாரியா?" என்று கேட்டார்கள். ஆர்டர்களை எழுதிவைக்க வீட்டில் தாள் போதவில்லை. பீரோவில் ஒரு விண்ணப்பம் இருந்தது, பின்பக்கம் சுத்தமாக, வெள்ளையாக. நானே எடுத்துக் கொடுத்தேன். ஷைனி அதைத் திருப்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுத ஆரம்பித்தாள்.

சுவாமிதாஸ் அடுத்த வாரமே வந்து சுவிட்சுகளை எல்லாம் மேடைக்கு மேலே கொண்டுவந்தார். பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார். ஓவன் என்று எழுதியதற்குக் கீழே, 'டீச்சர் தொடக்கூடாது' என்று ஷைனி சேர்த்தாள். மின்னல் வந்தால் அதன் வேகத்தைத் தரைக்கு இறக்கிவிடுகிற ஒரு சிறு பெட்டியையும் மெயினில் பொருத்தினார் தாஸ். "நீங்க கேட்ட அந்த மூணு மில்லி கேள்வி நல்ல கேள்வியாக்கும் டீச்சர். பதில்தான் தப்பாப் போச்சு," என்றார். அலமாரியின் பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். திருப்பித் தரவேயில்லை.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஷைனி தக்கலையில் கடை வைத்திருக்கிறாள். மஸ்கட்டில் இருக்கிற என் கணவர் ஐப்பசி பிறந்தால் தினமும் எங்கள் ஊர் வானிலை பார்க்கிறார். மழை என்று கண்டால் உடனே ஃபோன் வரும். சாப்பிட்டாயா, சுகமா என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "கால் எங்க இருக்கு?" ரோஸ்லினும் அப்படித்தான் கேட்கிறாள். கோயிலில், கடைத்தெருவில், ஒருமுறை சாவு வீட்டிலும்கூடக் கேட்டாள்.

போன வாரம் மத்தியானம் ஒன்று நன்றாக வெட்டியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கடையில் இருந்து ஷைனி கூப்பிட்டாள்.

"எம்மா, கால் எங்க இருக்கு?"

"தரையிலதான் மக்களே."

"ரெண்டுமா?"

கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மூலை அலமாரிக்குள் இருந்து ஒரு காலைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்து, தரையில் ஊன்றிக்கொண்டு, "ரெண்டும்," என்றேன்.